நடனப் பள்ளிக் கட்டணம்: கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என் மகளை பாலே வகுப்பில் சேர்த்த பள்ளியிடம் நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன். பள்ளியின் பெயரைப் போடவில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை, அதோடு இப்படிச் செய்யும் பள்ளி அது ஒன்றுதான் என்றும் நான் நினைக்கவில்லை. கட்டணம் அதிகம் என்பது என் புகார் இல்லை. நல்ல பயிற்சிக்குப் பணம் ஆகும், தெரிந்துதான் சேர்த்தோம். சேர்க்கும்போது மாதக் கணக்கு சொன்னார்கள், விலகும்போது வருடக் கணக்கு காட்டினார்கள், நடுவில் வாங்கிய பணத்துக்குக் கணக்கே காட்டவில்லை. கடைசியில் அந்தத் தகராறைக் குழந்தையின் தலையில் இறக்கினார்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதலில், நடனப் பள்ளிகள் செய்வதில் எது நியாயம் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிற பெற்றோர் என்று நினைத்துவிடுவீர்கள். பெரும்பாலான பள்ளிகளில் மாதக் கட்டணம் என்று சொல்வது உண்மையில் ஒரு வருடக் கட்டணத்தைச் சம தவணைகளாகப் பிரித்ததுதான். அதனால் ஐந்து வாரம் வருகிற மாதத்தில் கூடுதலாகக் கேட்க மாட்டார்கள், விடுமுறை வருகிற மாதத்தில் குறைக்கவும் மாட்டார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரண்டு வகுப்பு போகாவிட்டால் பணம் திரும்ப வராது, தவறிய வகுப்புக்கு ஈடாக வேறு பிரிவோடு ஒரு வகுப்பு தருவார்கள். இதில் தவறு இல்லை. குழந்தை வந்தாலும் வராவிட்டாலும் ஆசிரியருக்குச் சம்பளம் உண்டு, கூடத்துக்கு வாடகை உண்டு, அந்த இடமும் நம் குழந்தைக்காகவே காலியாக இருக்கிறது. வருடக் கட்டணம் என்றால் அதைச் சேரும் நாளிலேயே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எங்களிடம் சொல்லவில்லை. வரவேற்பு மேசையில் ஒரு டேப்லெட்டை நீட்டி, கடைசிப் பக்கத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். விதிமுறைகளை அச்சிட்டுத் தரக் கேட்டேன். “அதெல்லாம் மெயில்ல வந்துடும் மேடம். மாசா மாசம் கட்டறதுதான், வேண்டாம்னா நிறுத்திக்கலாம்” என்றார் அங்கிருந்த பெண். மெயிலில் பணம் கட்டிய ரசீது மட்டும் வந்தது. திரும்பக் கேட்டு எழுதியபோது ஒரு விதிமுறைத் தாள் அனுப்பினார்கள். விலகுவதற்கு 30 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அதைச் சேமித்து வைத்தேன். பின்னால் நாங்கள் விலகப் போனபோது அதே தலைப்பில் வேறொரு தாளைக் காட்டினார்கள். அதில் 60 நாள். ஆண்டு விழா நடக்கும் டேர்மில் விலகவே முடியாது என்று புதிதாக ஒரு வரி வேறு. இரண்டிலும் தேதி இல்லை. எது எப்போது நடைமுறைக்கு வந்தது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

அடுத்தது காஸ்ட்யூம். இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாகச் சேர்க்கும் பெற்றோரிடம் அதிகப் பணம் நழுவுவது இங்கேதான். விழா உடைகளைப் பள்ளிகள் மொத்தமாக, பல மாதங்கள் முன்னதாகவே ஆர்டர் கொடுப்பார்கள். குழந்தைகள் வளர்வார்கள் என்பதால் அளவைக் கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள். ஆர்டர் போனபிறகு அந்த உடையைத் திருப்பி அனுப்ப முடியாது. அதனால் “ஆர்டர் தேதிக்குப் பின் காஸ்ட்யூம் பணம் திரும்பக் கிடைக்காது” என்ற விதி பல பள்ளிகளிலும் இருக்கும், அது சரியும்கூட.

எங்களிடம் இரண்டு நடனங்களுக்கு உடைப் பணம் வாங்கினார்கள். பிறகு ஆள் குறைவு என்று மகளின் பிரிவை இன்னொரு பிரிவோடு சேர்த்தார்கள். ஒரு நடனமே நிகழ்ச்சியிலிருந்து போய்விட்டது. அந்த நடனத்துக்கு எந்தக் குழந்தைக்கும் அளவுகூட எடுக்கவில்லை. அளவு எடுக்காத உடையை யார் தைத்திருப்பார்கள்? பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். காஸ்ட்யூம் பணம் திரும்பக் கிடையாது என்றார்கள். ஆர்டர் போட்ட ரசீதைக் காட்டுங்கள் என்றேன். அது பள்ளியின் உள் விஷயம் என்றார்கள். அடுத்த மாதக் கணக்கில் பார்த்தால் அந்தத் தொகைக்கு “விழாப் பங்களிப்பு” என்று பெயர் மாறியிருந்தது. அதற்கு மேல் தனியாக விழாக் கட்டணம் ஒன்றும் கேட்டார்கள். கூடவே இத்தனை டிக்கெட் கட்டாயம் வாங்க வேண்டும், வீடியோவும் கட்டாயம் என்றார்கள். அரங்கில் பெற்றோர் படம் பிடிக்கக் கூடாது என்பது எனக்கு உடன்பாடுதான். மற்றவர் குழந்தைகளும் மேடையில் இருக்கிறார்கள். படம் எடுக்க விடாமல் செய்துவிட்டு வீடியோவைக் கட்டாயமாக விற்பதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை.

தேர்வுக் கட்டணத்தில் நடந்தது இதைவிட மோசம். பாலேயில் தரத் தேர்வு நடத்தும் பழைய அமைப்புகள் சில உண்டு. 1904-ல் தொடங்கிய இம்பீரியல் சொசைட்டி ஆஃப் டீச்சர்ஸ் ஆஃப் டான்சிங், 1920-ல் லண்டனில் தொடங்கிய ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் ஆகியவை பலரும் அறிந்தவை. இவற்றின் கிரேடு தேர்வுக்குப் பெற்றோர் நேராகப் போய்க் குழந்தையைப் பதிவு செய்வதில்லை, பள்ளியும் ஆசிரியரும்தான் அனுப்புகிறார்கள். அதனால் ஆசிரியருக்கு அந்த அமைப்பின் பதிவு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. ராயல் அகாடமி தன் தேர்வுகளுக்குக் குறைந்தபட்ச வயதும் வைத்திருக்கிறது. முதல் கிரேடுக்கு 7 வயது ஆகியிருக்க வேண்டும்.

எங்கள் பள்ளி அந்த அகாடமியின் பெயரைச் சொல்லித்தான் தேர்வுக் கட்டணம் வாங்கியது. தேர்வுக்கு முந்தைய சிறப்புப் பயிற்சிக்கு என்று தனிக் கட்டணமும் வாங்கியது. அந்தப் பிரிவில் ஏழு வயது ஆகாத குழந்தைகளிடமும் அதே முதல் கிரேடு தேர்வுக்குப் பணம் வாங்கியது தெரிந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பதிவு எண்ணும் தேர்வு நாளும் கேட்டேன். வரும், வரும் என்றார்கள். ஆசிரியரின் பதிவு விவரம் கேட்டேன். அவர் முகம் சுருங்கியது, “ஆபீஸ்ல கேளுங்க மேடம்” என்று நகர்ந்துவிட்டார். தேர்வு நாள் என்று சொன்ன அன்று பள்ளியின் மூத்த ஆசிரியரே குழந்தைகளை ஆட வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு சான்றிதழ் வந்தது. பள்ளியின் முத்திரை, பள்ளியின் கையெழுத்து, தங்க நிறக் கரை. அகாடமியின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. பள்ளி தானே ஒரு தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுப்பதில் குற்றமில்லை. இன்னொருவர் நடத்தும் தேர்வின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கியதற்கு ஏமாற்று என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது பணத்தோடு நிற்காத விஷயம். மகளின் தோழி ஒருத்தி, ஒன்பது வயது. அவளைப் பாயின்ட் ஷூ வாங்கச் சொன்னார்கள், அதுவும் பள்ளியின் கடையிலேயே. விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான அந்தக் காலணியைப் போட, கால் எலும்புகளும் கணுக்காலும் இடுப்பும் தாங்கும் நிலைக்கு வந்திருக்க வேண்டும். நடன மருத்துவத்துக்கான சர்வதேச சங்கத்தின் வழிகாட்டுதல் 12 வயதுக்கு முன் வேண்டாம் என்றே சொல்கிறது. 12 ஆனாலும் பல வருடப் பயிற்சியும் உடல் தகுதியும் பார்த்துத்தான் அனுமதிக்கச் சொல்கிறது. ஒன்பது வயதுக் குழந்தையிடம் அதை விற்கிற பள்ளிக்குக் குழந்தையின் காலைவிடக் கல்லாப்பெட்டிதான் பெரிது. அந்த அம்மா வாங்கவில்லை, நல்ல வேளை.

காஸ்ட்யூம் பணத்தையும் தேர்வுப் பணத்தையும் விளக்கும்வரை விழாக் கட்டணத்தைக் கட்ட மாட்டேன் என்று எழுத்தில் தெரிவித்தேன். மாதத் தவணையை நிறுத்தவில்லை, அது கார்டிலிருந்து தானாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. அந்த வாரம் மகளை அழைத்துவர வழக்கத்தைவிடச் சீக்கிரம் போனேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் மற்ற குழந்தைகள் கம்பியைப் பிடித்து வரிசையாக நிற்கிறார்கள். என் மகள் பின்சுவரோரம் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கொண்டை போட்டது போட்டபடி இருக்கிறது. காலணியைக் கழற்றி மடியில் வைத்து, அதன் எலாஸ்டிக்கை இழுத்து இழுத்து விடுகிறாள். ஆசிரியரிடம் கேட்டேன். “ஃபீஸ் பாக்கி இருக்கற பிள்ளைங்களை உட்கார வைக்கச் சொல்லி லிஸ்ட் வந்தது மேடம், நான் என்ன பண்றது” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். ஆனால் வகுப்புக்கான பணம் கட்டியாயிற்று. தகராறு விழாக் கட்டணத்தில். அதற்கு வகுப்பில் உட்கார வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. வெளியே வந்ததும் மகள், “நான் தப்பா ஆடினேனாம்மா?” என்று கேட்டாள். அவளுக்கு யாரும் காரணமே சொல்லவில்லை.

அன்று இரவே விலகல் மெயில் அனுப்பினேன், முதலில் வந்த தாளில் இருந்தபடி 30 நாள் அவகாசம் கொடுத்து. பதில் இல்லை. 30 நாள் முடிந்த பிறகும் தவணை எடுக்கப்பட்டது. போன் செய்தால் மெயில் செல்லாதாம், அலுவலகத்துக்கு நேரில் வந்து படிவம் நிரப்ப வேண்டுமாம். போய்ப் படிவம் கேட்டபோதுதான் அந்த இரண்டாவது தாளைக் காட்டி, வருடத்தின் மீதித் தவணைகள் எல்லாவற்றையும் தாமதக் கட்டணத்தோடு கட்டச் சொன்னார்கள். “மாசா மாசம்தான், வேண்டாம்னா நிறுத்திக்கலாம்னு இதே மேசையில சொன்னீங்களே” என்று கேட்டேன். அப்படிச் சொன்னவர் இப்போது வேலையில் இல்லை என்றார்கள்.

இதே நிலையில் நீங்கள் இருந்தால் பள்ளியிடம் கெஞ்சிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள், வங்கியிடம் போங்கள். முதல் வேலை, தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை ரத்து செய்வது. அப்புறம், விலகல் தேதிக்குப் பின் எடுத்த ஒவ்வொரு தவணைக்கும் ஆட்சேபம் எழுதிக் கொடுப்பது. ரத்து செய்த பிறகும் எடுக்கப்படும் தொடர் கட்டணத்துக்குக் கார்டு நிறுவனங்களிடம் தனி வகையே இருக்கிறது. விசா கார்டில் அதன் எண் 13.2. ஆட்சேபம் எழுப்பக் கெடு உண்டு, பொதுவாக 120 நாள். அதற்குள் போக வேண்டும். எனக்கு உதவியது விலகல் மெயிலும், ஆரம்பத்தில் கேட்டு வாங்கிய அந்த முதல் தாளும்தான். வாயால் சொன்ன எதையும் வங்கி கணக்கில் எடுக்கவில்லை.

இன்னும் சேர்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இலவச முன்னோட்ட வகுப்பு முடிந்து குழந்தை முகம் மலர்ந்து நிற்கும்போதே கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள், அன்று மட்டும் போடாதீர்கள். ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். பதிவுக் கட்டணம், உடை, காலணி, விழா, டிக்கெட், தேர்வு எல்லாம் சேர்த்து எழுத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள். நேர்மையான பள்ளிக்கு இது ஐந்து நிமிட வேலை. உடை ஆர்டர் தேதி எது, அதற்கு முன் விலகினால் பணம் வருமா, விலகல் கடிதத்தை யாருக்கு எந்த வழியில் கொடுக்க வேண்டும், வருட நடுவில் விதி மாறினால் பழைய பெற்றோருக்கு எது பொருந்தும் என்றெல்லாம் கேட்கலாம். நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கும் கேள்வி, கட்டணத்தில் தகராறு வந்தால் குழந்தையை என்ன செய்வீர்கள் என்பது. இப்போது மகள் போகும் பள்ளியில் இதைக் கேட்டேன். “அது உங்களுக்கும் எங்களுக்கும் நடுவுல. பிள்ளைக்குத் தெரியவே தெரியாது” என்றார் அங்குள்ள ஆசிரியை. அதை விதிமுறைத் தாளிலும் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

விலகலுக்குப் பின் எடுத்த தவணைகளை வங்கி திருப்பிக் கொடுத்துவிட்டது. காஸ்ட்யூம் பணமும் தேர்வுப் பணமும் இன்னும் வரவில்லை, இரண்டுக்கும் நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். உங்கள் குழந்தைக்கும் ஏதாவது அமைப்பின் பெயரில் தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால், பதிவு எண்ணை இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் ரசீதோடு அந்த அமைப்புக்கே நேராக எழுதிவிடுங்கள்.