கால்பந்து 'டிப்ஸ்' விற்பவர்: பினாங்கு வாசிகளுக்கு ஓர் எச்சரிக்கை

பட்டர்வொர்த், பிறை வட்டாரங்களில் கால்பந்து ஆட்டங்களின் முடிவை முன்கூட்டியே சொல்வதாகக் கூறி, டெலிகிராம் குழு வழியாக மாதக் கட்டணம் வசூலிக்கும் ஒருவரிடம் என் தாய்மாமா நாலாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் இழந்திருக்கிறார். அந்தக் குழுவில் நம்மவர்கள் இன்னும் பலர் இருப்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

மாமா பந்தயம் அறியாதவர் அல்லர். பத்து காந்தோங் குதிரைப் பந்தயத் திடலுக்குப் பல ஆண்டுகள் போய் வந்தவர். 1864இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப், 2025 மே 31ஆம் தேதி தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்த பிறகுதான் அவர் கால்பந்தின் பக்கம் திரும்பினார். திடலில் இருந்தது டோட் முறை. எல்லாரும் கட்டிய பணம் ஒன்றாகச் சேர்ந்து, கழிவு போக மீதி வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். எந்தக் குதிரைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கட்டியவர்களின் பணமே முடிவு செய்யும். கால்பந்தில் அப்படியில்லை. அங்கே வென்றால் எவ்வளவு கிடைக்கும் என்ற விகிதத்தை வைப்பவர், பந்தயத்தை ஏற்கும் புக்கி. இரு பக்கமும் 0.90 என்று அவர் வைத்தால், 100 ரிங்கிட் கட்டி வென்றவருக்கு லாபம் 90, தோற்றவருக்கு நட்டம் 100. ஆகவே கைப்பணம் கரையாமல் இருக்கவே நூற்றுக்கு 53 முறை வெல்ல வேண்டும். இந்த வேறுபாட்டை மாமாவுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

டிப்ஸ் விற்றவர் தம்மைப் புக்கியின் எதிரியாகவே காட்டிக்கொண்டார். "அங்கிள், நாளைக்கு கேம் கன்ஃபர்ம், உள்ளுக்குள்ள ஆள் சொல்லிட்டாங்க" என்று குரல் செய்தி வரும். 1994இல் நம் நாட்டு லீக்கில் ஆட்டங்கள் விலைபோனதையும், அதனால் ஏராளமான ஆட்டக்காரர்கள் தண்டிக்கப்பட்டதையும் பார்த்த தலைமுறை என்பதால், ஆட்டம் முன்பே பேசி முடிக்கப்பட்டது என்ற பேச்சு மாமாவிடம் எளிதில் எடுபட்டது. முதல் மூன்று ஆட்டங்களுக்கு இலவசமாகச் சொன்னார், மூன்றும் பலித்தன. அதன் பிறகு மாதம் 300 ரிங்கிட் கேட்டார். அத்துடன் அவரே அனுப்பிய இணைப்பின் வழியாகத்தான் பந்தயத் தளத்தில் கணக்குத் திறக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தார்.

அந்த மூன்று வெற்றிகள் எப்படி வந்தன என்பது, மாமாவின் கைப்பேசியையும் பக்கத்து வீட்டுக்காரரின் கைப்பேசியையும் எங்கள் சமையலறை மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒரே இரவு, ஒரே ஆட்டம், சில நிமிட இடைவெளியில் வந்த இரண்டு செய்திகள்: மாமாவுக்குச் சொந்தத் திடல் அணி, அவருக்கு வெளியூர் அணி. எண்ணூறு பேரிடம் தொடங்கி, பாதிப் பேருக்கு ஓர் அணியையும் மீதிப் பேருக்கு மற்ற அணியையும் சொல்லி, தவறாகப் போன பாதியை ஒவ்வொரு முறையும் கைவிட்டு வந்தால், மூன்றாவது ஆட்டம் முடியும்போது நூறு பேருக்கு அவர் தெய்வ வாக்குச் சொல்பவராகத் தெரிவார். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதன் பிறகு செய்தியே வரவில்லை. மாமாவின் குழுவிலோ பலிக்காத கணிப்புகள் மறுநாள் காலைக்குள் அழிக்கப்பட்டிருக்கும். பலித்தவை மட்டும் வரிசையாக நிற்கும்.

இதைவிடக் கொடியது அந்த இணைப்பு. இப்படிப்பட்ட தளங்களில் பல, ஆள் சேர்த்துவிடுகிறவருக்கு, அவர் சேர்த்துவிட்டவர்கள் தோற்கும் பணத்தில் ஒரு பங்கைக் கொடுக்கின்றன. மாமா பதிவு செய்த தளத்தின் ஏஜெண்ட் பக்கத்திலும் அது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. கணித்துச் சொல்கிறவருக்கும் விகிதம் வைக்கிறவருக்கும் ஒரே பை. மாமா தோற்கத் தோற்க அந்தப் பை நிறைந்தது. ஒரு முதியவரின் ஓய்வுக்காலச் சேமிப்பைக் கட்டணமாக ஒரு முறை, தோல்வியின் பங்காக மறுமுறை என இருவழியில் உறிஞ்சியதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கட்டணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "போலீஸுக்குப் போனா நீங்களும்தான் மாட்டுவீங்க" என்று மிரட்டினார். 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டம் உரிமமின்றிப் புக்கி தொழில் நடத்துவதைக் குற்றமாக்குகிறது என்பதை அவர் சொல்லவில்லை. மாமா பயந்து பல வாரங்கள் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு வழக்கறிஞரிடம் விவரம் சொல்லி, அவர் துணையுடன் போலீஸ் புகார் கொடுத்தோம். பணம் போன வங்கிக் கணக்கு வேறு யாரோ ஒருவர் பெயரில் இருந்தது. பணம் அனுப்பும் முன்பே அந்தக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மோசடிப் புகாரில் சிக்கிய எண்களா என்று பார்க்க உதவும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறிவிட்டால் மீட்பது மிகக் கடினம்.

குழுவின் பெயரும் படமும் இப்போது மாறிவிட்டன. குரல் செய்திகளில் ஒலிப்பது அதே குரல்தான். டெலிகிராமில் குழுவை நடத்துபவர் எந்தச் செய்தியையும் எல்லாருடைய கைப்பேசியிலிருந்தும் நீக்கிவிட முடியும் என்பதால், அந்தக் குழுவில் இருப்பவர்கள் அவருடன் வாக்குவாதம் செய்யும் முன்பே கணிப்புகள், குரல் செய்திகள், பணம் அனுப்பிய ரசீதுகள் எல்லாவற்றையும் தேதியும் நேரமும் தெரியும்படி சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.