அபுல் ஃபஸலுக்கு மட்டை போட்ட கடை

கிளிநொச்சியில ஏ9 வீதியோரம் ஒரு சின்ன பைண்டிங் கடை. பேர் சொல்லேல்லை, ஏனெண்டு வாசிக்க விளங்கும்.

கொண்டுபோனது 'அயினி அக்பரி' முதல் தொகுதி. முகலாயப் பேரரசர் அக்பரின்ர ஆட்சியைப் பற்றி அவரின்ர அரசவையில இருந்த அபுல் ஃபஸல் எழுதினது. புளொக்மான் ஆங்கிலத்தில மொழிபெயர்த்து 1873இல கல்கத்தாவில வந்தது. முந்தி என்னட்ட இருந்த பிரதி 2009 இடம்பெயர்வோட போட்டுது. இப்ப மகள் இணையத்தில இறக்கி, பிரிண்ட் எடுத்துத் தந்தவ.

"சுருள் போடட்டோ, தைக்கட்டோ ஐயா?" எண்டு கேட்டார் கடைக்காரர். தைக்கச் சொன்னன். ஓரத்தில துளையடிச்சு, மெழுகு பூசின நூலால இழுத்துத் தைச்சு, சிவப்புத் துணி மட்டை. 1,200 ரூபா. புத்தகத்தைத் தலைகீழாத் தூக்கி உலுப்பியும் பார்த்தன், ஒரு தாள் அசையேல்லை. ஆனா தையல் உள்ளுக்கு ஏறினதால புளொக்மானின்ர அடிக்குறிப்புகள் பாதி மடிப்புக்குள்ள.

அதை விடுவம். தாள்கட்டு மாறி, அக்பரின்ர சமையலறைக்கு முன்னால யானைக்கொட்டில் வந்திட்டுது! அபுல் ஃபஸல் ஐஞ்சு தரம் திருத்தி எழுதின மனுசன். பார்த்தால் என்ன சொல்லுவாரோ. எண்டாலும் அந்த யானைப் பக்கங்களைத்தான் நான் முதல் வாசிச்சன். யானையளை ஏழு வகையாப் பிரிச்சு, எதுக்கு எவ்வளவு தீனி, எத்தினை ஆள் எண்டு கணக்கு. போன மாதம் என்ர வேலியைப் பிடுங்கி இருபது வாழையை முடிச்சவர் எந்த வகையெண்டு தேடினன். அக்பரைப் புகழுற இடங்கள் எனக்குச் சலிப்பு, இந்தக் கணக்குகளுக்காகத்தான் அபுல் ஃபஸலை வாசிக்கிறன்.

பெரிய கூத்து முதுகில. பொன்னெழுத்தில "அபுல் பார்சல்" எண்டு அடிச்சிருக்கு. 1602இல அக்பரின்ர மகன் இளவரசர் சலீமின்ர ஏவலில பீர்சிங் தேவ் எண்ட புந்தேலத் தலைவர் அபுல் ஃபஸலைக் கொன்று, தலையை அலகாபாத்துக்கு சலீமிட்ட அனுப்பினவர். பாவம், சிரிக்கவும் ஏலாது, சிரிக்காமலும் இருக்க ஏலாது. சலீம் ஜஹாங்கீரான பிறகு தன்ர நினைவுக்குறிப்பில இதை ஒளிக்காமலே எழுதினவர்.

திருப்பிக் கொண்டுபோய்க் காட்ட, மனுசன் முகம் கறுத்துப்போச்சு. பிரிச்சுத் தாள் ஒழுங்காக்கி, ஓரத்தைத் தள்ளித் தைச்சுத் தந்தார், காசு வாங்கேல்லை. முதுகெழுத்தை மாத்த வேண்டாமெண்டு நான்தான் சொன்னன்.

இரண்டாம் தொகுதியும் அவரிட்டத்தான். பேரை மட்டும் தாளில எழுதிக் குடுப்பன்.