எரிந்த டிம்மர்: ட்ரையாக்கை மட்டும் மாற்றினால் போதுமா?

டிம்மர் என்பது பல்பின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் சுவிட்ச், அதில் கரண்ட்டை விட்டு விட்டுத் திறக்கும் சில்லுதான் ட்ரையாக். குமிழை எவ்வளவு திருப்பினாலும் பல்பு முழு வெளிச்சத்திலேயே நின்றால் ட்ரையாக் ஷார்ட். எரியவே இல்லையென்றால் சோக் சுருளும் (இரைச்சலை அடக்கும் கம்பிச்சுருள்) டயாக்கும் (ட்ரையாக்கைத் தூண்டிவிடும் சிறு பாகம்) சந்தேகத்துக்குரியவை. குமிழின் ஓரிடத்தில் மட்டும் வெளிச்சம் துடித்தால் குமிழின் கார்பன் தடம் தேய்ந்துவிட்டது.

மெயினை அணைத்து, டெஸ்டரில் சரிபார்த்த பிறகே கழற்றவும். பிடி136 ட்ரையாக்கின் 1, 2 கால்களுக்கிடையே மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் அது போய்விட்டது. டிபி3 டயாக் 32 வோல்ட் அளவில்தான் திறக்கும். மீட்டரின் பேட்டரியால் அதைச் சோதிக்க முடியாது. விலை சொற்பம், கையோடு மாற்றிவிடுவதே மேல். 104 (0.1 மைக்ரோஃபாரட்) கண்டன்சரை 400 வோல்ட் வகையில் போடலாம்.

குண்டு பல்பின் இழை அறும்போது உள்ளே பொறி பாய்ந்து ஒரு கணம் பெரிய கரண்ட் ஓடும். எம்.சி.பி. (மெயின் பெட்டியின் பாதுகாப்பு சுவிட்ச்) விழுவதற்குள் ட்ரையாக் போய்விடும். பிடி136 தாங்குவது 25 ஆம்பியர் அளவு அதிர்ச்சிதான், பிடிஏ12 என்ற பெரிய ட்ரையாக் தாங்குவது 120. கால் வரிசையும் ஒன்றே. அதனால் குண்டு பல்புக்கு பிடிஏ12 நெடுநாள் உழைக்கிறது. ஆனால் ஒற்றை 9 வாட் எல்.இ.டி.க்கு அது ஆகாது. பல்பு இழுப்பதே 40 மில்லி ஆம்பியர் சுமார். அந்தச் சொற்பக் கரண்ட்டில் பெரிய ட்ரையாக் பிடித்து நிற்காமல் விட்டுவிடும், வெளிச்சம் நடுங்கும். அங்கே பிடி136-ஏ சரி, அதுவும் டிம்மருக்கேற்ற பல்பாக இருந்தால்தான். சாதா எல்.இ.டி.யைப் போட்டுவிட்டு டிம்மரைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

பிடி136-இன் உலோக முதுகு 2ஆம் காலோடு இணைந்தது, தொட்டால் ஷாக். ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாமல் 200 வாட்டுக்கு மேல் ஏற்றவும் வேண்டாம்.

சேலத்து வெயிலில் சூடு பகை. ஏற்காட்டில் பனிமூட்டம். வெளிச்சுவரில் பதித்த பெட்டிக்குள் ஈரம் இறங்கி, கால்களில் பச்சை பூக்கும். கருகிய போர்டைத் துடைத்தால் மட்டும் போதாது. கரி மின்சாரம் கடத்தும். கருப்பு முழுவதும் போகும்வரை பிளேடால் சுரண்டி, சால்டர் செய்த ஃப்ளக்ஸ் பசையை ஆல்கஹாலில் கழுவி, காய்ந்ததும் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுக்கவும். இதைச் செய்யாத போர்டு அடுத்த மழைக்கே அதே இடத்தில் மறுபடி கருகும்.

மாட்டும் முன் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை டிம்மரோடு சீரியஸாக (ஒரே வழியில் அடுத்தடுத்து) இணைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எங்காவது ஷார்ட் மிச்சமிருந்தால் அந்தப் பல்பு ஒளிரும், புது ட்ரையாக் கருகாது.