பிரிப்பதா, சேர்ப்பதா: ஜூலுலாந்து அம்மோனைட்டுகளுக்குப் பெயர் வைத்த கதை

தென்னாப்பிரிக்காவின் ஜூலுலாந்தில், செயின்ட் லூசியா பாறையடுக்குகளில் பெரோனிசெராஸ் கூட்டத்து அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன; சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் இவை. வயது 8.5 கோடி ஆண்டுகளுக்கும் மேல். கூட்டத்தை அடையாளம் காண்பது எளிது: சுருளின் வெளிவிளிம்பில் மூன்று முகடுகள் ஓடும். அதற்கப்புறம்தான் தகராறு.

1965-இல் வான் ஹூப்பன் என்ற ஆய்வாளர் இக்கூட்டத்தைப் பொடிப்பொடியாகப் பிரித்துப் புதுப் பேரினங்களை (நெருங்கிய இனங்களின் தொகுதிகளை) அறிவித்தார். 1984-இல் கிளிங்கரும் கென்னடியும் அதே கூட்டத்தை மறுபடி அலசி, பல பெயர்களை ஒன்றாக மடக்கினார்கள்.

நான் சேர்ப்பவர்கள் பக்கம். ஒரே அடுக்கில் கிடைக்கும் ஓடுகளில் ஒன்று தடித்த விலாக்களோடும் (ஓட்டின் மேல் வரிவரியாக எழும் மேடுகள்) இன்னொன்று மெல்லிய விலாக்களோடும் இருக்கலாம்; நடுவில் எல்லா அளவிலும் ஓடுகள் கிடைத்தால் கோட்டை எங்கே கிழிப்பது? போதாததற்கு, பல அம்மோனைட்டுகளில் ஒரே இனத்திலேயே பெரிய ஓடு, சிறிய ஓடு என இரண்டு வடிவம் உண்டு. ஆணும் பெண்ணுமாக இருக்கலாம் என்கிறார்கள். பிரிப்பவர் கையில் அந்தத் தம்பதி இரண்டு இனமாகிவிடும்.

நாடுவாரியாகப் பெயர் வைப்பதிலும் இதே ஆபத்து. ஹவெரிசெராஸ் கார்டெனி என்ற இன்னொரு அம்மோனைட் இனத்துக்கு 1855-இல் பெயர் வைத்தவர் பெய்லி. ஓடு வந்தது தென்னாப்பிரிக்கக் கிழக்குக் கடற்கரையிலிருந்து. அதே இனம் நம் அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளிலும் உண்டு. இங்கே தனிப்பெயர் வைத்திருந்தால் இரு கரைகளுக்கும் இருந்த உறவே மறைந்திருக்கும்.

சரி, பிரிப்பவர்களிடமும் ஒரு நியாயம் உண்டு. பிரித்ததைப் பிறகு சேர்ப்பது சுலபம். சேர்த்ததைப் பிரிக்க வேண்டுமென்றால் அருங்காட்சியக இழுப்பறைகளை மறுபடி திறந்தாக வேண்டும். மேலடுக்கு ஓட்டையும் கீழடுக்கு ஓட்டையும் ஒரே பெயரில் போட்டால், பாறையின் வயதை நுணுக்கமாகச் சொல்லும் வாய்ப்பும் போய்விடும். அதனால் எந்த அடுக்கில் எடுத்தது என்ற குறிப்பு இல்லாமல் சேர்ப்பதை நானும் ஏற்க மாட்டேன்.

மூன்றாவது வழி தையல்கோடு: உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொடும் இடத்தில் இலை நரம்புபோல் நெளியும் கோடு. பெரிய குடும்பங்களைப் பிரிக்க இது நம்பகமானது. இனத்தை முடிவுசெய்ய மட்டும் இதை நம்ப முடியாது. ஓடு உரிந்தபின் மிஞ்சும் அச்சில், அதாவது ஓட்டுக்குள் நிரம்பி இறுகிய கல்லில்தான் கோடே தெரியும். அந்த அச்சு தேய்ந்திருந்தால் நெளிவுகள் குறைந்து வேறு இனம்போலத் தோன்றும்.

கையில் அடுக்குக் குறிப்பில்லாத ஒற்றைத் துண்டு மட்டும் இருந்தால், சீட்டில் ‘பெரோனிசெராஸ், இனம் தெரியவில்லை’ என்று எழுதி வைத்துவிடுவேன்.