எலும்புப்புரைக்கு வார மாத்திரையா, ஊசியா, வருடாந்திர ட்ரிப்ஸா?

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எனக்கு 43 வயதிலேயே எடுத்துவிட்டார்கள். 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களுக்கு எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய், வரும் வாய்ப்பு அதிகம். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்ததும் சேர்ந்துகொண்டது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.8. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே எலும்புப்புரைதான். கால்சியம், வைட்டமின் டி, நடை மூன்றும் எந்த மருந்தோடும் வேண்டியவை. அதனால் மருந்துகளுக்கே வருகிறேன்.

அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை, வாரம் ஒன்று. விலை குறைவு. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கூடாது. உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடியது என்பதால், நெஞ்செரிச்சல்காரியான எனக்கு ஒத்துவராது.

டெனோசுமாப் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. என் அக்கா போட்டுக்கொள்கிறார். அடர்த்தி நன்றாக ஏறும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் கால்சியத்தைக் கண்காணித்தபடி கொடுக்கலாம். ஆனால் தேதி தவறினால் என்ன ஆகும் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. இந்த மருந்து எலும்பில் தங்குவதில்லை. வேகம் குறைந்ததும் எலும்பை அரிக்கும் செல்கள் முன்னைவிட மும்முரமாகக் கிளம்பும். ஏறிய அடர்த்தி இறங்கி, முதுகெலும்புகள் ஒன்றுக்கு மேல் முறிந்தவர்களும் உண்டு. நிறுத்துவதென்றால் இன்னொரு மருந்தைத் தொடர்ந்தே ஆக வேண்டும். மகளுக்குப் பேறுகாலம் பார்க்க வெளிநாடு போய் மாதக்கணக்கில் தங்குகிற வயது நமக்கு. அங்கே ஊசிக்கு எங்கே அலைவது?

நான் தேர்ந்தெடுத்தது சொலெட்ரோனிக் ஆசிட். ஆண்டுக்கு ஒரு முறை 5 மில்லிகிராம், குறைந்தது 15 நிமிடம் நரம்பு வழியாக ஏறும். எலும்போடு ஒட்டிக்கொண்டு நெடுநாள் நிற்பதால், ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பதற வேண்டாம். 2007-இல் வெளியான பெரிய ஆய்வில், மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பெலும்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன. பொதுவாக மூன்று ஆண்டுக்குப் பிறகு, நிலைமையைப் பார்த்து இடைவெளி விடவும் முடியும்.

முதல் முறை போட்ட அன்று ராத்திரியே காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி. பாராசிட்டமால் போட்டுப் படுத்தேன், இரண்டு நாளில் சரியானது. போடும் முன் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), கால்சியம், வைட்டமின் டி பார்த்தார்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதலிலேயே முடித்துவிடுங்கள், தாடை எலும்பு அரிதாகப் பாதிக்கப்படலாம். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு இது ஆகாது.

எனக்கு இன்னும் மூன்று ஆண்டு முடியவில்லை, பலனை அடுத்த ஸ்கேன்தான் சொல்லும். ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. எலும்பை வளர்க்கும் டெரிபராடைட் ஊசி முதலில் தேவையா என்று அவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டும்.