மூன்று வருடமாக மழைச்சத்தத்தில் தூங்குகிறேன்

எனக்கு நைட் ஷிஃப்ட் வேலை. காலை எட்டு மணிக்கு வேளச்சேரியில் மெயின் ரோட்டை ஒட்டிய அறையில் வந்து படுத்தால், ஹாரன் சத்தம் மண்டைக்குள்ளேயே அடிக்கும். அதற்காகத்தான் பதிவு செய்த மழைச்சத்தத்தைப் போட ஆரம்பித்தேன்.

முதல் ஆறு மாதம் வீண். நான் போட்ட இலவச ஆப்பில் பத்து நிமிடத் துண்டு ஒன்றே திரும்பத் திரும்ப ஓடியது. அதே இடி, அதே இடத்தில். அடுத்த இடி எப்போது என்று மனசு எண்ண ஆரம்பித்துவிட்டால் தூக்கம் போச்சு. இடியே இல்லாத, மணிக்கணக்கில் எடுத்த பதிவுக்கு மாறிய பிறகுதான் பலன் தெரிந்தது. கூரையில் விழும் மழையும் ஓடைச் சத்தமும் எனக்குச் சரிப்பட்டன. கடலலை சரிப்படவில்லை, அலை அடங்கும் நேரம் பார்த்து ஹாரன் உள்ளே நுழைந்துவிடும். இயர்போன் வேண்டாம், காது வலிக்கும். சின்ன ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் வைத்தால் குறைந்த சத்தமே போதும்.

பறவைச் சத்தம் என்னைத் தூங்க விடாது. ஆனால் சாயங்காலம் எழுந்ததும், வேலைக்குக் கிளம்பும் முன் வரும் படபடப்புக்கு அதைவிட நல்லது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், 295 பேர் ஆறு நிமிடம் ஏதாவதொரு ஒலியைக் கேட்டார்கள். பறவைப் பாட்டு கேட்டவர்களுக்குப் பதற்றம் குறைந்திருந்தது. எனக்குக் கால் மணி நேரம் வேண்டும்.

எந்தப் பறவை என்பதும் முக்கியம். ஐரோப்பியப் பறவைகள் இனிமையாகத்தான் பாடின, மனசில் ஒட்டவில்லை. ஸீனோ-கேன்டோ என்ற தளத்தில் 2005 முதல் உலகெங்கும் உள்ளவர்கள் பதிவேற்றிய பறவை ஒலிகளை இலவசமாகக் கேட்கலாம். அங்கே சீகாரப் பூங்குருவியைத் தேடிப் போட்டேன். யாரோ ஒரு பையன் சீட்டியடித்துக்கொண்டே போவது போலிருக்கும் அதன் குரல். வால்பாறையில், அட்டைக்குப் பயந்து காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன மழைக்காலக் காலைகள் அப்படியே திரும்பி வந்தன. அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன். எக்சிட்டர் பல்கலைக்கழகம் பிபிசியோடு சேர்ந்து 7,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்விலும், ஒலி பழைய நினைவைக் கிளறியவர்களுக்கு அதன் ஆறுதல் கூடுதலாக இருந்ததாகச் சொல்கிறார்கள். நான் நம்புகிறேன்.

ஒரு தவறும் செய்தேன். போன கோடையில் செம்மார்புக் குக்குறுவானின் 'குக் குக்'கை பால்கனியில் ஸ்பீக்கரில் போட்டேன். எதிர் அரசமரத்திலிருந்து நிஜக் குக்குறுவான் ஒன்று கம்பி வரைக்கும் வந்து, விடாமல் பதில் குரல் கொடுத்துத் தவித்தது. தன் இடத்துக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டதாக நினைத்திருக்கிறது, பாவம். நான் அணைத்த பிறகும் வெகுநேரம் கத்திக்கொண்டிருந்தது. அதன் பிறகு பறவைச் சத்தம் மட்டும் இயர்போனில்தான், அதுவும் ஜன்னலைச் சாத்திவிட்டு.