மகரோவ் பிஸ்டல்: 27 பாகங்களில் ஒரு ராணுவத் துப்பாக்கி

தினமும் இடுப்பில் சுமக்க வேண்டும், ஆனால் சுடும் வேலை அபூர்வம். அதிகாரி, போலீஸ்காரர், டாங்க் ஓட்டுபவர் என இப்படிப்பட்டவர்களுக்காக வந்த துப்பாக்கிகளில் சோவியத் மகரோவை மிஞ்சியது குறைவு என்றே சொல்வேன். எடையும் அளவும் அடக்கம், கெட்டுப்போக அதிகம் கிடையாது. அதன் குறை தோட்டாவில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் செம்படை தன் தொக்கரெவ் பிஸ்டலை மாற்ற முடிவெடுத்தது. தொக்கரெவின் 7.62 மி.மீ. தோட்டா வேகமானது. ஆனால் 195 மி.மீ. நீளமுள்ள அந்தத் துப்பாக்கியில் தனி சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) கிடையாது. தோட்டாவை வெடிக்க அடிக்கும் சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்துவது மட்டும்தான் காவல். புதிய போட்டியில் நிக்கலாய் மகரோவின் வடிவம் வென்று 1951-இல் படைக்கு வந்தது. நீளம் 161 மி.மீ., குழல் 93 மி.மீ., காலி மேகசினோடு (தோட்டா அடுக்கும் பெட்டி) எடை 730 கிராம், மேகசினில் 8 தோட்டா. வெளித்தோற்றத்தில் 1929-இல் வந்த ஜெர்மன் வால்தர் பிபியின் சாயல் தெளிவாகத் தெரியும். சுட்டதும் பின்னால் ஓடித் திரும்பும் மேல்பகுதியான ஸ்லைடைக் கழற்ற ட்ரிக்கர் காவல் வளையத்தைக் கீழே இழுக்கும் முறையும் அங்கிருந்துதான். ஆனால் உள்ளே திறந்து பார்த்தால் வேறு ஆள்.

மேகசினைச் சேர்க்காமல் பாகங்கள் 27தான். ஒரே பாகத்துக்கு இரண்டு மூன்று வேலை கொடுத்ததால் இது முடிந்தது. பிடிக்குள் இருக்கும் தட்டையான மெயின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். அதன் அகலமான இதழ் சுத்தியலை இயக்குகிறது, ஒடுங்கிய இதழ் ட்ரிக்கர் கம்பியைத் தள்ளுகிறது, மடங்கிய அடிமுனை மேகசின் கொக்கியை அழுத்துகிறது. ஸ்லைடை நிறுத்தும் நெம்பின் பின்வாலே காலிக் கூட்டை வெளியே தட்டிவிடும் எஜெக்டர். பிடி முழுவதும் ஒரே துண்டு, ஒரே திருகு.

சேஃப்டி ஸ்லைடின் இடப்பக்கம் இருக்கிறது. மேலே தள்ளினால் பூட்டு, கீழே இறக்கினால் சுடத் தயார். வால்தரில் இது நேர் எதிர். இரண்டையும் மாறி மாறிக் கையாள்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். இழுத்து வைத்த சுத்தியலோடு மேலே தள்ளினால் சேஃப்டி நெம்பு முதலில் குறுக்கே வந்து மறித்துக்கொள்ளும், அதன் பிறகே சுத்தியல் விழும். அப்போது ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும் என்பதால் பூட்டிய நிலையில் தோட்டா ஏற்ற முடியாது.

சுத்தம் செய்ய மேகசினை எடுத்து, சேம்பர் (குழலில் தோட்டா அமரும் அறை) காலியா என்று கண்ணால் பார்த்து, வளையத்தைக் கீழே இழுத்துச் சற்றுப் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தி, ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்து வால்பகுதியைத் தூக்கி முன்னால் விட்டால் போதும். குழல் சட்டத்தோடு நிலையாக இருக்கும், கழற்றக் கூடாது. ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைத் திரும்பப் போடும்போது விட்டம் சிறுத்த முனைதான் குழலில் முதலில் ஏற வேண்டும்.

அதிகம் கவனிக்கப்படாத பாகம், தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி. அதற்குத் திரும்பும் ஸ்பிரிங் இல்லை, தன் போக்கில் முன்னும் பின்னும் ஓடும். எடையும் உராய்வும் குறையவே அதை முக்கோணமாக்கினார்கள். அந்தத் துளையில் கிரீஸ் அடைத்தால் ஊசி முன்னால் நீட்டியபடி ஒட்டிக்கொள்ளும். ஸ்லைடு மூடும்போதே தோட்டா வெடிக்கும் அபாயம் உண்டு. துளையை உலர்வாக வையுங்கள். பழைய சோவியத் தோட்டாக்களின் பிரைமர் (பற்றவைக்கும் மருந்து) விட்டுச்செல்லும் உப்பு குழலை அரிக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, முதலில் நீர், பிறகு துடைப்பு, பிறகுதான் எண்ணெய்.

சுடும்போது? குழல் அசையாததால் இந்த அளவுக்குத் துல்லியம் நன்று. 25 மீட்டரில் 15 செ.மீ. வட்டத்துக்குள் நான்கு தோட்டாக்கள் விழ வேண்டும் என்பது ராணுவத் தேர்வு. முதல் சுடுதலில் ட்ரிக்கர் கனமாகவும் நீளமாகவும் இருக்கும், அடுத்ததிலிருந்து இலகுவாகும். இந்த மாற்றம் புதியவர்களைத் தடுமாற வைக்கும். குறிபார்க்கும் முனைகள் மிகச் சிறியவை. மேகசின் கொக்கி பிடியின் அடியில் இருப்பதால் மாற்ற இரண்டு கையும் வேண்டும். போர்க்களத்தில் இது உண்மையான குறை.

இப்போது தோட்டா. குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளாத எளிய அமைப்பில், ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே வெடிப்பைத் தாங்குகின்றன. ஆகவே 9×19 (9 மி.மீ. குண்டு, 19 மி.மீ. நீளக் கூடு) போன்ற பலமான தோட்டாவை இந்த எடையில் வைக்க முடியாது. போரிஸ் சேமின் வடிவமைத்த 9×18 அந்த எல்லைக்குள் அடங்கியது: சுமார் 6 கிராம் குண்டு, வினாடிக்கு ஏறத்தாழ 315 மீட்டர். உடல்கவசம் பரவிய பிறகு இது போதவில்லை. மகரோவின் மேம்படுத்திய வடிவமான 12 தோட்டா பிஎம்எம் வகை, பலம் கூட்டிய தோட்டாவோடு வந்தது. அந்தத் தோட்டாவைப் பழைய மகரோவில் போடவே கூடாது. 2003-இல் ரஷ்யா 9×19 தோட்டாவுக்கான யரிகின் பிஸ்டலை ஏற்றது. ஆனால் யரிகின் பெரியது, கனமானது, அதனால் காவல்துறையில் மகரோவ் உடனே விலகவில்லை.

கிழக்கு ஜெர்மனியின் சுஹ்ல், பல்கேரியா, சீனா ஆகிய இடங்களிலும் இது உருவானது. மெருகில் ஜெர்மன் பதிப்பே சிறந்தது. சேகரிப்பாளர்கள் கேலிபர் முத்திரையை முதலில் படிக்கட்டும்: பைக்கால் என்ற ரஷ்ய வணிகப் பெயரில் ஏற்றுமதியான சில மாடல்கள் .380 ஏசிபி என்ற வேறு தோட்டாவுக்கானவை. மகரோவ் குண்டின் விட்டம் 9.27 மி.மீ., .380 குண்டுக்குச் சுமார் 9. மகரோவ் குழலில் .380 போட்டால் குண்டு தளர்ந்து ஓடும், துல்லியம் போகும், கூடு பிளக்கவும் வாய்ப்புண்டு.